டஜனும் வவ்வாலும் ஜெயித்த ஆட்டம்

நாட்டுக்காக முதன்முதலாக ஆடிய அன்றுதான் அவனுக்கு டஜன் என்ற பெயர் வந்தது. கடற்கரைக் கால்பந்துக்கென்று ஒரு தேசிய அணியை அவசர அவசரமாகத் திரட்டி, விமானத்தில் ஏற்றி, வெளிநாட்டு மணலில் கொண்டுபோய் இறக்கியிருந்தார்கள். கோல்கீப்பர் இவன். பந்து பன்னிரண்டு தடவை இவனைத் தாண்டி வலைக்குள் போனது. திரும்பி வந்து ஐஸ் பாக்டரிக்குள் கால் வைத்ததும் மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார்.

"வாப்பா டஜன்," என்றார்.

அதோடு அப்பா அம்மா வைத்த பெயர் காணாமல் போனது. மீன்பிடித் துறைமுகம் முழுக்க டஜன். மாமியார்கூட அக்கம்பக்கத்தில் "எங்க டஜன் மாப்பிள்ளை" என்றுதான் சொல்வாள். அதில் கேலி பாதி, பெருமை பாதி. எது எந்தப் பாதி என்று அவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஐஸ் பாக்டரியில் அவன் வேலை, உப்புத்தண்ணீர்த் தொட்டியில் உறைந்து நிற்கும் தகரப் பெட்டிகளைத் தூக்கிக் கவிழ்த்து, பாளம் பாளமாக வரும் ஐஸைச் சறுக்குப் பலகையில் தள்ளிவிடுவது. பாளம் வழுக்கினால் கால் போய்விடும். அதனால் எது எந்தப் பக்கம் வழுக்கினாலும் கை தன்னால் அங்கே போகப் பழகியிருந்தது. கையும் பாதி நேரம் மரத்துத்தான் கிடக்கும். அதனால் எவ்வளவு வேகமாக அடித்த பந்தும் அவனுக்கு வலிக்காது. வேலை முடிந்ததும் பாக்டரிக்குப் பின்னால் இருக்கும் கடற்கரையில், ஆளுக்கொரு வேலை பார்க்கிறவர்கள் கூடி ஆடுவார்கள். தேசிய அணி என்று ஒன்று வந்தபோது, அந்தக் கும்பலில் பாதியைத்தான் அப்படியே அள்ளிக்கொண்டு போனார்கள்.

மணலில் ஆடுவது புல்லில் ஆடுவது போலல்ல. ஷூ கிடையாது. பக்கத்துக்கு ஐந்தே பேர். பந்தை உருட்டினால் குழியில் மாட்டிக்கொண்டு முழிக்கும். அதனால் பந்தைத் தரையில் விடாமல் ஆகாயத்திலேயே வைத்திருக்க வேண்டும். இவர்கள் அணிக்கு அந்த வித்தை கைவரவில்லை. முதல் போட்டியில் எல்லா ஆட்டமும் தோல்வி. இரண்டாவது போட்டியிலும் அதே கதைதான். என்ன, கோல் கொஞ்சம் குறைவாக வாங்கினார்கள். "மணலில் புதைந்த அணி" என்று ஒரு பத்திரிகை எழுதியது. அந்தத் துண்டை மேஸ்திரி வெட்டி பாக்டரி சுவரில் ஒட்டினார். ஈரத்தில் அது தானாகவே உரிந்து விழுந்தது.

வவ்வால் அணிக்கு வந்தது இதற்குப் பிறகுதான்.

வவ்வால் டஜனுடைய மனைவிக்கு அண்ணன். பெயிண்டர். உயரமான கட்டடங்களில் கயிறு கட்டித் தொங்கி வெளிச்சுவருக்கு வர்ணம் அடிப்பவன். பெயர் அதனால் வந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். கடற்கரையில் அவன் ஆடுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பான். பந்து தலைக்கு மேல் வரும்போது அப்படியே பின்னால் சாய்ந்து, தலைகீழாகத் தொங்குவதுபோல அந்தரத்தில் ஒரு கணம் நின்று, காலைச் சுழற்றி அடிப்பான். அவன் மணலில் விழுவதற்குள் பந்து வலையில் இருக்கும். அந்தப் பந்தை அவன் தலைக்கு மேல் கொண்டுவந்து சேர்ப்பது டஜனுடைய கை. கோல்கம்பத்திலிருந்து மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் எறிவான். இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. வவ்வால் தோளை லேசாகத் தூக்கினால் போதும், பந்து வந்துவிடும்.

ஆனாலும் அவன் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுத்ததில்லை. காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவன் எல்லைக்கு அந்தப்பக்கம் பிறந்தவன். அங்கே சண்டை நடந்த காலத்தில், பால்குடி மாறாத அவனை இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் அம்மா நடந்தே இந்தப்பக்கம் வந்தாள். தங்கை பிறந்தது இங்கே; அதனால் அவளுக்குப் பிரச்சினை இல்லை. அம்மாவுக்கு அகதி என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். குழந்தையை அந்த அட்டையில் ஓரமாக எழுதினார்கள். குழந்தை வளர்ந்து மீசை முளைத்து சுவரில் தொங்கியபோது அவனுக்கென்று ஓர் அட்டை இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஒருநாள் மாலை டஜனைப் பார்க்கக் கடற்கரைக்கு வந்தார். எப்போதும் வெள்ளைச் சட்டை, வியர்வை துடைக்க ஒரு கைக்குட்டை. வவ்வால் தலைகீழாக அடித்த ஒரு பந்தைப் பார்த்தார். கைக்குட்டை பாதி வழியில் நின்றது.

"யாருய்யா அது?"

"என் மச்சான் சார்."

"இவனை வெச்சுக்கிட்டா நீங்க ஊர் ஊரா போய் உதை வாங்கிட்டு வர்றீங்க?"

டஜன் மறைக்கவில்லை. மச்சான் பிறந்த இடத்தைச் சொன்னான். வவ்வாலும் பக்கத்தில்தான் நின்றான். செயலாளர் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் தட்டினார். தட்டிய கையில் மணல் ஒட்டியது.

"கைக்குழந்தையா வந்தவனை வெளிநாட்டுக்காரன்னு எவன் சொல்லுவான்? பாஸ்போர்ட்டை நான் பார்த்துக்கறேன். நாட்டுக்கு ஆடறவனுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாங்க?"

வீட்டில் பேச்சு எழுந்தபோது மாமியார் முகம் கொடுக்கவில்லை. அவள் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க நீராவியில் நின்று குரலும் கொஞ்சம் காய்ந்துபோயிருக்கும்.

"எதுக்கு இந்த வேண்டாத வேலை? அவன் உண்டு, அவன் கயிறு உண்டுன்னு இருக்கான்," என்றாள்.

"அத்தை, பாஸ்போர்ட் கைக்கு வந்துட்டா அதுக்கப்புறம் யாரும் அவனை ஒண்ணும் கேக்க முடியாது. காலம் பூரா ஒளிஞ்சே இருக்கணுமா?" என்றான் டஜன்.

அவன் அதை நம்பித்தான் சொன்னான். வவ்வால் தங்கையின் முகத்தைப் பார்த்தான். தையல் கம்பெனியில் சட்டைக் காலர் அடிப்பவள் அவள். அணிச் சட்டைகளுக்கு எண் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணனுக்கு எந்த நம்பர் போடட்டும்?" என்று கேட்டாள். முடிவு அப்படித்தான் ஆனது.

பாஸ்போர்ட் வந்தது. பிறந்த ஊர் என்ற இடத்தில் இந்த ஊர்ப் பெயர் அச்சாகியிருந்தது. வவ்வால் அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, பிறந்த ஊரையே மாத்திட்டாங்க. அம்மாவையும் மாத்தாம விட்டாங்களே," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தாள்.

மூன்றாவது போட்டி எல்லைக்கு அந்தப்பக்கம், அதே நாட்டில் நடந்தது. சண்டை ஓய்ந்து பல காலம் ஆகியிருந்தது; இப்போது பஸ்ஸும் போனது, பந்தும் போனது. கிளம்பும் முன் மாமியார் மகனைத் தனியே அழைத்தாள்.

"அங்க உன் தாய்மாமன் ஒருத்தன் இருந்தான். செங்கல் சூளை வெச்சிருந்தான். உயிரோட இருக்கானோ என்னவோ. முடிஞ்சா விசாரி."

விசாரிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஓட்டல் வாசலில் நின்ற ஆட்டோக்காரனுக்கே சூளைக்காரரைத் தெரிந்திருந்தது. அன்று மாலையே மாமன் வந்துவிட்டார். செம்மண் நிறத்தில் முகம், நகமெல்லாம் தேய்ந்த கைகள். வவ்வாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அந்த ஊர்ப் பேச்சு வவ்வாலுக்குக் காதில் ஏறும், நாக்கில் வராது. அதனால் அவர் பேசிக்கொண்டே இருந்தார், இவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

முதல் ஆட்டம் தோல்வி. அடுத்தது போட்டியை நடத்தும் அந்த நாட்டோடு. கூட்டம் கொட்டகை கொள்ளாமல் நின்றது. டஜன் அன்று ஆடியதுபோல அதற்கு முன்னும் ஆடவில்லை, பின்னும் ஆடவில்லை. கண்ணில் மணல், வாயில் மணல், முழங்கை தோல் உரிந்து எரிகிறது. பந்து எங்கே வந்தாலும் கை அங்கே இருந்தது. ஆட்டத்தின் மூன்று பகுதியும் முடிந்து சமநிலை. கூடுதல் நேரம் தீரப்போகும் தறுவாயில் ஒரு பந்தைப் பிடித்து நிமிர்ந்தான். அந்தக் கோடியில் ஒரு தோள் லேசாக உயர்ந்தது. எறிந்தான்.

வவ்வால் சாய்ந்தான். அரங்கம் முழுக்க ஒரு கணம் மூச்சு நின்றது. அப்புறம் ஒரே சத்தம். அது யாருடைய சத்தம் என்று பிறகு யோசித்தபோது டஜனுக்கு விளங்கியது: எதிரணியின் கூட்டமே எழுந்து நின்று கை தட்டியிருந்தது.

வென்றார்கள். அணி பிறந்ததிலிருந்து முதல் வெற்றி. பெரிய ஆம்பிளைகள் மணலில் உருண்டு அழுதார்கள். தடுப்பைத் தாண்டி ஓடிவந்த மாமன், அங்கே நின்ற நிருபர்களிடம் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னார்: "எங்க பையன்யா! என் தங்கச்சி மகன்! இதே ஊர்ல, என் வீட்டுத் திண்ணையிலதான் பொறந்தான்! நம்ம மண்ணு அவன் கால்ல இருக்கு!"

சந்தோஷம் தாங்காமல் சொன்னார். அதில் கள்ளம் எதுவும் இல்லை.

ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் மாலை, மேளம், திறந்த லாரியில் ஊர்வலம். ஐஸ் பாக்டரி மேஸ்திரி, "இனிமே உன்னை எப்படி டஜன்னு கூப்பிடறது?" என்று கவலைப்பட்டார். அந்தக் கவலை ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. அந்தப்பக்கத்துப் பத்திரிகையில் மாமனின் படத்தோடு செய்தி வந்திருந்தது. தோற்ற அணி அதை எடுத்துவைத்துப் புகார் கொடுத்தது. போட்டிக் குழு விசாரித்தது. தகுதியில்லாத ஆட்டக்காரரை இறக்கியதால் வெற்றி செல்லாது, ஆட்டம் எதிரணிக்கே என்று தீர்ப்பு வந்தது. அணியின் சர்வதேசக் கணக்கில் மறுபடியும் தோல்வி, தோல்வி, தோல்வி மட்டுமே.

அதோடு போயிருந்தால் டஜன் தாங்கியிருப்பான். தோற்றுப் பழகியவன்தானே.

குடியேற்றத் துறை ஆட்கள் காலையில் வந்தார்கள். வவ்வால் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்; தோளில் கயிற்றுச் சுருள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "சும்மா ஒரு விசாரணை, கூட வாங்க," என்றார்கள். கயிற்றை இறக்கி வைக்கச் சொன்னார்கள். அவன் அதை ஒழுங்காகச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, "மாப்ள, எங்க பெயிண்ட் மேஸ்திரிகிட்ட சொல்லிடு. நாலாவது மாடியோட நிக்குது, வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லு," என்றான்.

அவன் திரும்பவில்லை. ஊருக்கு வெளியே கம்பிவேலி போட்ட ஒரு முகாமில் வைத்திருப்பதாகப் பிறகு தெரிந்தது.

அன்று மாலை மனைவி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தைக்கவில்லை.

"எங்க அண்ணன் பாட்டுக்கு சுவத்துல தொங்கிட்டு இருந்தான்," என்றாள். "நீங்கதான் கீழ இறக்கிக் கூட்டிட்டுப் போனீங்க."

அவள் கத்தியிருந்தால் நன்றாயிருக்கும் என்று டஜன் நினைத்தான். அவள் கத்தவில்லை, எழுந்துபோய் உலை வைத்தாள்.

செயலாளர் வீடு தேடி வந்தார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். கொடுத்த டீயைத் தொடவில்லை.

"விசாரணைக்கு உன்னையும் கூப்பிடுவாங்க. உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு. அவன் இங்கதான் பொறந்தேன்னு சங்கத்துக்குச் சொன்னான், நாங்க நம்பிட்டோம். அவ்வளவுதான். உன்னை கேப்டன் ஆக்கறோம். அணி பிழைக்கணும்ல?"

"சார், உங்ககிட்ட நான் சொன்னேனே. அவனும் பக்கத்துலதான நின்னான்?"

"எனக்கு ஞாபகம் இல்லைப்பா."

உள்ளேயிருந்து மாமியார் வந்தாள். டீ கிளாஸை அவர் முன்னாலிருந்து எடுத்தாள்.

"ஆறிப்போச்சு. குடிக்கிற மூஞ்சியும் இல்ல," என்று சொல்லி வாசலில் கொட்டினாள். செயலாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. மின்விசிறி ஓடும் சத்தம், மேஜைக்கு அந்தப்பக்கம் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி. வவ்வாலையும் அழைத்து வந்திருந்தார்கள். இளைத்திருந்தான். டஜனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"அவர் வெளியே பிறந்தவர்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். செயலாளருக்கும் தெரியும். கடற்கரையில வெச்சு நான்தான் சொன்னேன்."

"அப்ப இவரும் பக்கத்துல இருந்தாரா?"

"இருந்தார் சார். ஒண்ணையும் மறைக்கல. எல்லாத்தையும் பேசித்தான் பாஸ்போர்ட் வாங்கினாங்க."

அதிகாரி தலையசைத்து எழுதிக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று டஜனுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. வெளியே வந்ததும் இலவசமாக வாதாட வந்த வக்கீலம்மா சுவரோரமாக நின்று நெற்றியைத் தேய்த்தார்.

"நீங்க நல்லதுன்னுதான் சொன்னீங்க. ஆனா நம்ம பக்க வாதமே, தான் எங்க பொறந்தோம்னு அவருக்கே சரியாத் தெரியாதுங்கறதுதான். கைக்குழந்தை, பாவம், ஏமாந்துட்டார்னு நிக்கலாம்னு இருந்தேன். இப்ப, தெரிஞ்சே பொய்ப் பாஸ்போர்ட் வாங்கினார்னு ஆயிடுச்சு."

"செயலாளர் வாங்கிக் குடுத்தது சார்... அம்மா," என்று டஜன் தடுமாறினான்.

"விண்ணப்பத்துல கையெழுத்து உங்க மச்சானோடது."

பொய் சொல்லியிருந்தால் செயலாளர் தப்பியிருப்பார், மச்சானும் ஒருவேளை தப்பியிருக்கலாம். உண்மையைச் சொன்னதில் செயலாளர் பதவி விலகி ஆலோசகர் ஆனார். மச்சானுக்கு நாடுகடத்தல் உத்தரவு வந்தது. இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் டஜன் துறைமுகத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான். கடைசியில் வக்கீலம்மாவே போனில் சொல்லிவிட்டிருந்தார். மனைவி கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல், அவனுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றாள். அந்த ஒதுங்கல் அவர்களுக்கு நடுவே நெடுங்காலம் இருந்தது.

முகாமில் பார்க்கப் போகும்போதெல்லாம் நடுவில் கம்பிவலை. வவ்வால் எப்போதும் வேடிக்கையாகத்தான் பேசுவான். உள்ளே ஒரு சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னார்களாம். தரையில் நின்று அடித்ததில் தலை சுற்றியதாம்.

டஜன் ஒருதடவை வலையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், என்னால தான்..." என்று ஆரம்பித்தான்.

"அட, சும்மா இரு மாப்ள," என்றான் வவ்வால். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "உன்மேல கோவம் இல்லைன்னு சொன்னா பொய். இருக்கு. ராத்திரி படுத்தா வரும். ஆனா அந்தப் பந்து... அந்த மாதிரி ஒரு எறி எனக்கு யார் எறிஞ்சிருக்கா? ரெண்டும் இருக்கு. என்ன செய்யச் சொல்றே?"

அனுப்பும் நாளை முன்கூட்டியே சொல்லவில்லை. பார்க்கப் போனபோது வாசல் காவலர், "அந்த ஆளை அனுப்பியாச்சே," என்றார். மாமியார் கொண்டுபோயிருந்த சாப்பாட்டு டப்பாவை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்தப்பக்கம் மாமன் அவனைச் சூளைக்குக் கூட்டிப்போனார். மனிதர் குற்ற உணர்ச்சியில் பாதியாகியிருந்தார்; யாரோடும் பேசுவதில்லையாம். அங்கேயும் அவனுக்கு அடையாள அட்டை கொடுக்க மறுத்தார்கள்: வேறு நாட்டுக்கு ஆடி நம்மைத் தோற்கடித்தவன் நம் ஆள் எப்படி ஆவான்? போனில் இதைச் சொல்லிவிட்டு வவ்வால், "இந்தப்பக்கமும் இல்ல, அந்தப்பக்கமும் இல்ல. பேருக்கேத்த மாதிரி நடுவுல தொங்கறேன்," என்றான். கொஞ்ச நாளில் அவன் இருமல் போனிலேயே பெரிதாகக் கேட்க ஆரம்பித்தது. சூளைப் புகை என்றான். பிறகு ஆஸ்பத்திரி என்றான். அட்டை இல்லாதவனை வார்டில் சேர்க்க யோசிக்கிறார்கள் என்று மாமன் சொன்னார்.

மாமியார் மறுநாளே சலவைக்கூடத்துக்குப் போய் வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

"அத்தை, உங்க அட்டையில போனா திரும்ப விடமாட்டாங்க. போனது போனதுதான்," என்றான் டஜன்.

"தெரியும் மாப்பிள்ளை. படிக்கத் தெரியாதுதான், அது தெரியும்."

"இங்க உங்க மக இருக்கா."

"அவளுக்கு நீங்க இருக்கீங்க. அவனுக்கு யார் இருக்கா?"

எல்லைச் சாவடிக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள். ஜன்னலோரத்தில் மாமியார், பக்கத்தில் மகள், பின் இருக்கையில் டஜன். வழி நெடுகத் தாயும் மகளும் கை கோத்திருந்தார்கள். சாவடியில் ஓர் இளைஞன் மாமியாரின் அட்டையை வாங்கி, ஓட்டை போட்டு, இழுப்பறைக்குள் தள்ளினான். ரசீது எதுவும் இல்லையா என்று அவள் கேட்டாள். இல்லை என்றான். "இத்தனை வருஷம் வெச்சிருந்தேனே தம்பி," என்றாள் அவள், ஏதோ பாத்திரத்தைக் கடனாகக் கொடுத்ததுபோல.

கேட்டுக்கு முன்னால் நின்று மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். டஜன் பக்கம் திரும்பினாள்.

"மாப்பிள்ளை, அவளோட பேசுங்க. அவ பேசலைன்னாலும் நீங்க பேசுங்க."

"சரிங்க அத்தை."

"அவன்கிட்ட என்ன சொல்லட்டும்?"

டஜன் கீழே இருந்த அவள் பையைத் தூக்கி நீட்டினான். மாமியார் அதை வாங்கிக்கொண்டு அவனை ஒருதரம் பார்த்தாள். பிறகு, "நானே ஏதாவது சொல்லிக்கறேன்," என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டுக்குள் நடந்தாள். நீராவியில் நின்று நின்று வீங்கிய கால்கள், மெதுவாகத்தான் போனாள். அந்தப்பக்கம் ஒரு வேன் மறைக்கும்வரை தெரிந்தாள்.

வவ்வால் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. அம்மா மடியில்தான் போனான் என்று மாமன் போனில் சொன்னார். தங்கையால் போகமுடியவில்லை, அவளுக்கு விசா தருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாமியார் அங்கேயே இருந்துவிட்டாள். சூளைக்காரர்களுக்குத் துணி துவைத்துக் கொடுக்கிறாளாம்.

சங்கம் வேறு ஆட்களை வைத்து மறுபடி அணி அமைத்தது. மறுபடி தோற்றது. டஜனை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டான். கடற்கரையில் ஆடுகிறவர்கள் பந்து எறிய அவனை அழைத்துப் பார்த்து விட்டுவிட்டார்கள். மேஸ்திரி இப்போது அவனை அவன் சொந்தப் பெயரால் கூப்பிடுகிறார். அது அவனுக்கு யாரோ ஒருவரைக் கூப்பிடுவது போலிருக்கிறது. சிலநேரம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

வீட்டில், அத்தை சொன்னபடி அவன் பேசிக்கொண்டுதான் இருக்கிறான். பாக்டரியில் பாளம் உடைந்ததை, படகு ஒன்று புதிதாக வந்ததை, மேஸ்திரியின் பல்வலியை. மனைவி காலர் துணியை மெஷினில் ஓட்டியபடி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவன் சொல்லிக்கொண்டே வந்தவன், அவள் கேட்கிறாளா என்று சந்தேகப்பட்டு நிறுத்தினான். மெஷினும் நின்றது.

"அப்புறம்?" என்றாள் அவள், தலை நிமிராமல்.